பன்னிரண்டு நிமிடம்

வூப்பெர்டால். மூன்றாம் சுற்றுப் பேச்சுவார்த்தை.
இரவு ஒன்று நாற்பது.
கோப்பி முடிந்து வெறும் சுடுதண்ணீர் குடிக்கிறோம்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து கோட்டுகள்.
இந்தப் பக்கம் பதினொரு பேர்:
நகர ஆஸ்பத்திரித் தாதிமார் ஆறு,
எக்ஸ்ரே எடுப்பவர் ஒருவர்,
கட்டில் தள்ளும் செவ்கி, சமையலறை ஆகாட்டா,
சட்டம் படித்த சங்கத்துப் பொடியன்,
பிறகு நான்,
கத்தியும் கத்தரியும் கழுவிக் கிருமி நீக்கும்
நிலக்கீழ் அறையிலிருந்து.

நான் கேட்க வந்தது பன்னிரண்டு நிமிடம்.
நீலச் சட்டை போட, தொப்பி கட்ட,
முழங்கை வரை கழுவ, முடிய எல்லாம் கழற்ற.
இருபத்திரண்டு வருடமாய் அது
என் சொந்த நேரத்தில் போகிறது.
ஒருநாள் நித்திரை வராமல் பெருக்கிப் பார்த்தேன்:
நூற்றிருபத்தொரு முழு வேலைநாள்
நான் சட்டை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"உடை மாற்றுவது வேலையா, வாழ்க்கையா
என்பது தத்துவக் கேள்வி" என்றார் டொக்டர் ஹெல்விஷ்.
"அப்ப உங்கட டை?" என்று கேட்டான் செவ்கி.
முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லாரும். அவரும் கொஞ்சம்.

இரண்டேகாலுக்கு ஒரு தாள் வந்தது.
தாதிமாருக்கு ஆறு வீதம், இரவுக்குத் தனிக் காசு.
கழுவுகிற, சமைக்கிற, தள்ளுகிற எங்களுக்கு ஒரு வரி:
"அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்."
பரிசீலனை.
அந்தச் சொல்லுக்கு முன்னால்
கதிரை போட்டு ஏழு வருடம் இருந்தவள் நான்,
விசாவுக்காக.

உல்ரிக்க தாளை நாலாய் மடித்தாள்.
"வீர் இதில் கையெழுத்து வைக்கமாட்டோம்."

வீர். அவள் மொழியில் அதற்கு ஒரே சொல்.
என் மொழியில் இரண்டு:
கேட்பவரை வெளியே விடும் நாங்கள்,
உள்ளே எடுக்கும் நாம்.
ஆனால் எங்கட ஊர்ப் பேச்சில் நாம் புழங்காது.
மைக் பிடித்தவர்கள்தான் சொல்லுவார்கள்.
சொன்னவர்கள் போய்விடுவார்கள்,
கேட்டவர்கள் கணக்குக் கொடுப்போம்.
அவள் எதைச் சொன்னாள் என்று
எனக்கு உடனே விளங்கவில்லை.

கீழே மண்டபத்தில் ஜாக்கெட்டை விரித்து
எழுபது பேர் படுத்திருந்தார்கள்.
தாளை வாசித்தோம்.
சத்திரசிகிச்சைத் தாதி யான் எழும்பிக் கத்தினான்:
"பத்தொன்பது நாள் சம்பளமில்லாமல் நின்றிருக்கிறோம்.
ஆறு வீதம் கையில் இருக்கு.
யாரோ சட்டை மாற்றுவதற்காக விடுவதா?"
நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

உல்ரிக்க பிரசங்கம் செய்யவில்லை.
"போன கிழமை உன் தட்டில் வந்த கத்தரி
சுத்தமா என்று பார்த்தாயா?"
"இல்லை. கீழே இருந்து வந்ததுதானே..."
சொல்லிவிட்டு அவனே நின்றான்.
பிறகு இருந்தான்.

கைகள் எழுந்தன. அறுபத்தொன்று, வேண்டாமென்று.
எட்டு, எடுப்போமென்று.
யான் எதற்கும் கை உயர்த்தவில்லை.
என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஐந்தரைக்கு முடிந்தது.
அவர்களுக்கு ஐந்தரை வீதம்.
எங்களுக்குப் பத்து நிமிடம்.
தொப்பி கட்டுவது இன்னும் என் செலவில்தான்.
அந்த அரை வீதம்
யார் யாருடைய பையிலிருந்து வந்தது என்று
பெயர் பெயராய் எனக்குத் தெரியும்.

கையெழுத்துக் கட்டம் சின்னன்.
தர்மகுலசிங்கம் என்று எழுதி முடிய
சிங்கம் கோட்டைத் தாண்டி
டொக்டர் ஹெல்விஷின் பக்கத்தில் போய் நின்றது.
அவர் பேனையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

வெளியே ஆற்றுக்கு மேல் முதல் தொங்கு ரயில்.
ஏழு மணிக்கு எனக்கு வேலை.
ஒப்பந்தம் ஜனவரியிலிருந்துதான்,
இன்றைக்கும் சும்மாதான் சட்டை மாற்ற வேண்டும்.
ரயிலில் நின்றபடி தயாளினிக்கு மெசேஜ் போட்டேன்:
"பத்து நிமிசம் எடுத்திட்டம்."
யார் எடுத்தது என்று தனியாய் எழுதவில்லை.
வினைச்சொல்லின் வாலிலேயே இருந்தது,
உல்ரிக்கவும் யானும் எல்லாரும்.