சான்று இணைக்கவும்

பதிவுப் படிவத்தில் ஏழாவது கேள்வி:
பணி அனுபவத்துக்குச் சான்று இணைக்கவும்.
க்தான்ஸ்க் நிலவறையில்
போக்னா பேனாவை மூடினாள்.

பத்தொன்பது வருஷம்.
நோயாளி பெயர்கூட வந்ததில்லை;
ஓர் எண், நிறக்குறி ஏ-மூன்று,
முகமில்லாமல்
ஜிப்சத்தில் வார்த்த ஈறு.

டிராமில் எதிர் இருக்கை மீன் வியாபாரி
செல்பேசியில் எதற்கோ
வாய்விட்டுச் சிரித்தார்.
மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது:
சூளைக்குப் போகுமுன்
மயிர்த் தூரிகையால் அவள் இழுத்த
பழுப்பு விரிசல்.
பக்கத்துப் பல்லோடு ஒட்டட்டும் என்று
வேண்டுமென்றே வைத்த குறை.

கேட்டால் டாக்டர் பெயரைச் சொல்வார்.

உற்றுப் பார்த்தாள்.
அவர் முறைத்து, வாயை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை தேர்வு.
நாற்பத்தோரு வயதில்,
பள்ளி முடித்த பிள்ளைகள் நடுவே
மெழுகில் கோரைப்பல் செதுக்கிக் காட்ட வேண்டும்.

ஏழாவதில்
'பன்னிரண்டாம் எண் டிராம்' என்று எழுதி,
பிறகு அடித்துவிட்டாள்.