ஆறு மணித்தியாலம்

நேற்றிரவே ஊறப்போட்டேன் கறுப்பு விதைகளை.
என் பெட்டிக்குள் உடுப்புகளுக்கிடையே
இரண்டு கடல் தாண்டி வந்தவை.
நெவிற்றா அதில் பன்னிரண்டை எடுத்துப்
பாண்டி விளையாட ஒளித்துவிட்டாள்.
மிச்சம் போதும்.

பூசை முடிந்த கையோடு கொழும்புத்துறைக்குப் போய்
தோளிறைச்சி இரண்டு கிலோ, கொழுப்போடு.
"கறிக்கோ, பொரிக்கவோ?" என்றான் வெட்டுகிறவன்.
"ரெண்டுக்கும் இல்லை."
கத்தியை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தான்.

எசேபியோ சொன்னபடிக்கே செய்தேன்:
செத்தலை எண்ணெயில்லாமல் வாட்டு,
கறுத்தால் எறி, கசக்கும்.
உள்ளியைத் தோலோடு சுடு.
தக்காளியை நெருப்பில் நேரே வை, அழட்டும்.
மெரிடாப் பக்கத்து ஆள். பதினாலு வருசம்
கப்பற் குசினியில் என்னோடு நின்றவன்.
வெங்காயத்துக்கும் தாய்க்கும் ஒரே கண்ணீர் விடுவான்.
என் மனுசி பேர் கொன்சி என்றதும்
தன் அக்காவும் கொன்செப்சியோன்தான் என்று
அன்றைக்கு எனக்கு ஒரு துண்டு கூடப் போட்டான்.

அவன் ஊர் இலைக்கு இங்கே எங்கே போக?
கிணற்றடியில் கற்பூரவள்ளி நின்றது.
"அது சளிக்குக் குடுக்கிறதெல்லோ" என்றாள் கொன்சி.
"பண்டிக்கும் சளி இருந்திருக்கும்."
சிரிக்கவில்லை.
பிறகு, தேங்காய் துருவும்போது, சிரித்தாள்.

பதினொரு மணிக்குச் சட்டியை ஏற்றினேன்.
"எத்தினை மணிக்குச் சாப்பாடு?"
"ஆறு மணித்தியாலம் அவியவேணும்."
"பசிச்சால்?"
"பாண் இருக்கு."
குருநகரில் இறைச்சிக்கு
ஒரு மணித்தியாலம்தான் மரியாதை.
மூடி திறந்து பார்க்க ஆளாளுக்கு வந்தார்கள்.
அகப்பையோடு நின்று விரட்டினேன்.

இரண்டரைக்கு நீல நெருப்பு
ஒருதரம் விக்கி, நின்றது.
ஞாயிறு. சிலிண்டர் கடை பூட்டு.
விறகு ஈரம். சிரட்டையோ
பஸ்சுக்கு ஓடுகிறவன் மாதிரி எரிந்து தீரும்.
"ஊமல் இருந்தால்" என்று வாய்விட்டேன்.
ஊமல் எங்கே இருக்கிறதென்று
வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.
ஒருவரும் சொல்லவில்லை.

நாலு வீடு தள்ளி, சிங்கராயர் அண்ணை.
அப்பரின் வள்ளத்து இயந்திரம் ஆருக்கு என்ற கதையில்
மூன்று வருசம். பெருநாளிலும்
நான் வலப்பக்க வாங்கு, அவர் இடப்பக்க வாங்கு.
இயந்திரம் கறள் பிடித்து
இரண்டு பேருக்கும் இல்லாமல் போனது.
கோபம் மட்டும் நல்ல கண்டிசனில் இருந்தது.

நெவிற்றாவைக் காணவில்லை.
படலை திறந்து கிடந்தது.
கால்மணியில் வந்தாள், ஒரு உரச்சாக்கை
மண்ணில் இழுத்தபடி.
"பெரியப்பா ஒண்டும் பேசேல்லை.
என்ன மணக்குது எண்டு மட்டும் கேட்டவர்."

கிழங்கு பிடுங்கினபின் மிஞ்சும் வெறும் ஓடு.
ஆனாலும் ஊமல் அவசரம் அறியாது,
உள்ளே சிவந்து அப்படியே இருந்துகொள்ளும்.
சட்டி மறுபடி பேசத் தொடங்கியது,
உறங்கி எழும்பினவர்
விட்ட இடத்தில் கதையைத் தொடர்வது போல.

ஆறு, ஏழரை மணித்தியாலம் ஆனது.
இறைச்சி, அகப்பை பட்டதும் நாராய்ப் பிரிந்தது.
விதைகள் தங்கள் கறுப்பைக் குழம்புக்குக் கொடுத்திருந்தன.
தேசிக்காய்ப்புளியில் சின்ன வெங்காயம்.
சோளமாவுக்குப் பதில் கோதம்பமா ரொட்டி.

படலைச் சத்தம்.
"சாக்கை எடுக்க வந்தனான்."
வாசலில் நின்று சொன்னார்,
எனக்கில்லை, சுவருக்கு.
கொன்சி ஒன்றும் பேசாமல்
இன்னொரு கோப்பை வைத்தாள்.

இருந்தார். ரொட்டியை விலக்கி,
"புட்டு இல்லையோ?"
இருந்தது, காலமைப் புட்டு.
கறுத்தக் குழம்பை விட்டுப் பிசைந்தார்.
எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம்.

"உப்புக் குறைவு."

சொல்லிவிட்டு, கோப்பையை
இரண்டாந்தரம் நீட்டினார்.
இயந்திரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
மழையைப் பற்றியும் இறால் விலையைப் பற்றியும்
கொஞ்சம், அதுவும் கொன்சியிடம்.

போகும்போது சாக்கை விட்டுப் போனார்.
காலையில் தூக்கிப் பார்த்தேன்.
அடியில் இன்னும்
ஒரு சட்டிக்குக் காணும் ஊமல்.