ஈ

கையெழுத்துப் போட்டு நாலு மாதம் கழித்து
ரோஸ்மேரியிடம் கேட்டேன்:
நீ ஏன்டி போட்ட?

சின்னப்பாலம் கரை. பாசிக்கு இறங்கும் நேரம்.
விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.
முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டுச் சொன்னாள்:
சைனம்பு அக்கா போட்டுச்சு, போட்டேன்.

சைனம்பு அந்தோணியம்மாவைக் காட்டினாள்.
நகைக்கடைக்காரனே ஏமாத்த முடியாதவ அவ,
அவளே பேனாவ வாங்குறா.

அந்தோணியம்மாவுக்கு எவர்சில்வர் தூக்கு.
கைநீட்டி வாங்கிட்டு
எப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி எந்திரிச்சுப் போறது?
இன்றைக்கும் அதில்தான் கஞ்சி கொண்டுவருகிறாள்.
மூடி சேராது.

நல்ல பையன்.
பணம் என்ற சொல்லையே முதல் நாள் எடுக்கவில்லை.
பேரு மட்டும் எழுதிக்கிறேன்,
புடிக்கலைன்னா அடிச்சிரலாம் என்றான்.
இனிஷியல் வைத்து, சுழி பிசகாமல் எழுதினான்.
அப்படி எழுதின பெயரை
அடிக்கச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

தங்கச்சிமடத்துல முடிஞ்சிருச்சு,
உங்களுக்குப் பதினெட்டு இடந்தான் என்றான்.
நாங்களே பதினெட்டுப் பேர்தான்.
எண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

ஒருத்தி ஒருத்தியைக் காட்ட
கேட்டுக்கொண்டே போனேன்,
நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
அடிக்குப் போகிற மாதிரி.
கடைசியில் செல்வமாதா:

நீதானக்கா.

நானா?

வட்டிய அவன் கூட்டிச் சொன்னப்ப
நீ தலையாட்டுன. ரெண்டு தரம்.
பத்தாவது படிச்சவ ஆட்டுறாளேன்னு.

யோசித்துப் பார்த்தேன்.
உடைமர நிழல்.
காய்கிற பாசியின் வாடை.
மடியில் பிள்ளை தூங்குகிறான், கையெடுக்க முடியாது.
மூக்கில் ஒரு ஈ.
தலையை ஆட்டினேன். போனது.
திரும்ப வந்தது.

ஆளுக்குப் பதினோராயிரம்.
இதில் நான் போட்டது கடைசியாக,
பதினேழு பேருமா தப்பாக இருப்பார்கள் என்று.

இதை யாரிடமும் சொல்லவில்லை.

கச்சான் ஓய்ந்த மாதம்
விபத்துக் காப்பீடு என்று இன்னொருத்தர் வந்தார்.
தூக்கு இல்லை, சிரிப்பு இல்லை.
அச்சடித்த தாள், முத்திரை, வருஷத்துக்குச் சின்னத் தொகை.
நிஜமாகவே இருக்கலாம்.
போன வருஷம் பாறையில் கால் கிழிந்து
பாக்கியம் ஆறு வாரம் படுத்தது
எனக்குத்தான் தெரியுமே.

அதே நிழல். அதே வாடை.
மேலுதட்டில் வந்து உட்கார்ந்தது ஈ.
நான் அசையவில்லை.

அவர் கேட்டார்: என்னம்மா சொல்றீங்க?

ஓரக்கண்ணால் பார்த்தேன்.
பதினேழு பேர்.
என்னைப் பார்த்தபடி
ஒருத்தியும் அசையாமல்.