நாய் நீங்கலாக

முதலில் அது நகைச்சுவையே இல்லை.
ஜூன் மாதம், இரவு இரண்டேகால்,
பர்கூர்ப் பக்கமிருந்து வந்த பெங்களூரா மாங்காய் லோடு.
எடைமேடையில் பின்சக்கரத்தை ஒட்டி
ஒரு நாய் ஏறிப் படுத்துக்கொண்டது.
விரட்டினேன். கொட்டாவி விட்டது.
பிஸ்கெட் போட்டேன். படுத்தபடியே தின்றது.
பின்னால் பதினொரு லாரி, பதினொரு ஹாரன்.
நான் நேர்மையான ஆள், என்ன செய்ய,
இருபது கிலோ கழித்துச் சீட்டில் எழுதிவிட்டேன்:
நிகர எடை 8,420. நாய் நீங்கலாக.

காலையில் கணக்குப் பிரிவு நாகவேணி
சீட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்
இரண்டு முறை படித்தாள்.
மூன்றாம் முறை முடியவில்லை,
மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள்.
சத்தம் கேட்டு ஆய்வகத்திலிருந்து ஜபீன் வந்தாள்,
கையில் கூழ் சொட்டும் கரண்டி.
பாய்லரிலிருந்து தீர்த்தகிரி வந்தான்.
முனிரத்தினம் இருந்த இடத்திலிருந்தே சிரித்தான்,
அவனுக்குக் காரணம் தேவைப்படாது.

அன்றிலிருந்து எங்கள் ஐந்து பேருக்கு
உலகத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு எடை.

கிணற்றில் நாற்பதடி முங்கினேன் என்பான் தீர்த்தகிரி.
நாய் நீங்கலாகவா?
ஜபீனைப் பெண் பார்க்க வந்தவனுக்கு
ஓசூரில் எண்பதாயிரம் சம்பளமாம்.
நாய் நீங்கலா எவ்வளவுன்னு கேட்டியா?
கேட்டாளாம். நிஜமாகவே கேட்டாளாம்.
மாப்பிள்ளையின் அப்பா மிக்சரை வாயில் போடப் போனவர்
எங்க வீட்ல நாயே கிடையாதும்மா என்றாராம்.
அந்தச் சம்பந்தம் அமையவில்லை.
நாய்தான் காப்பாற்றியது என்கிறாள் இன்றுவரை.

புதிதாக வந்த சூப்பர்வைசர்
எதற்குச் சிரிக்கிறீர்கள் என்றார்.
உட்கார வைத்து விளக்கினோம்.
விளக்கி முடித்தபோது நாய் செத்துக் கிடந்தது.
அப்புறம்? என்றார்.
அப்புறம் ஒன்றுமில்லை சார்.

ஐப்பசியில் ஒரு மழை நாள்.
கிருஷ்ணகிரி கோர்ட் வாசலில் நாங்கள் நால்வர்.
நாகவேணி பச்சைக் கோப்போடு வெளியே வந்தாள்.
யாருக்கும் வாய் வரவில்லை.
முனிரத்தினம்கூடக் குடையை
மடக்குவதும் விரிப்பதுமாய் நின்றான்.

ஒன்பது வருஷம் அந்த வீட்ல இருந்தேன், என்றாள்.
செருப்புச் சேற்றைப் படிக்கட்டில் தேய்த்தாள்.
நாய் நீங்கலா,
ஒன்னரை.

நாங்கள் சிரித்த சிரிப்பில்
கறுப்புக் கோட்டுகள் திரும்பிப் பார்த்தன.
அவளுக்கு மட்டும் நிற்கவில்லை.
நடுவில் அது வேறொன்றாக மாறியபோது
ஜபீன் அவள் கையிலிருந்த கோப்பை
நனையாமல் வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் தருமபுரி பஸ்ஸில்
காவேரிப்பட்டணம் தாண்டும்போது
முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள்.
எண்பத்தேழு மார்க்குடா என்றான் ஒருவன்.
மற்றவன் போனிலிருந்து தலை தூக்காமல்,
நாய் நீங்கலாச் சொல்லு.

எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது.
யார் வாய்வழி, எந்த லாரி ஏறி
இங்கே வந்து சேர்ந்தது?
தோளைத் தட்டி, தம்பி, அது எங்க நாய்
என்று சொல்லலாமா என்றிருந்தது.
அவர்கள் சிரிக்கக்கூட இல்லை.
உப்பு, புளி மாதிரி சொல்லிவிட்டு
வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.
எனக்குக் கொஞ்சம் பொறாமை.
சில்லறை வாங்க மறந்து இறங்கினேன்.

இன்னும் மற்றவர்களிடம் சொல்லவில்லை.
சொன்னால் முனிரத்தினம் ராயல்டி கேட்பான்.

இப்போது மணி ஒன்று.
மேடையில் லாரி இல்லை,
திரையில் சிவப்பாய் 20.
எட்டிப் பார்த்தேன். வேறு நாய்,
இதற்கு ஒரு காது கறுப்பு.
பூஜ்யப் பொத்தான்மேல் வைத்த விரலை
எடுத்துவிட்டேன்.
அடுத்த லோடு வரட்டும்.