மருந்து

வெங்காயத்துக்கு மருந்தடிச்சுப்போட்டு
ஏழாலைச் செம்மண் காலோட வாறன்.
படலையில மறிக்கிறாள் யசோ.
"அங்கயே நில்லுங்கோ.
சேட்டைக் கழட்டி வேலியில போடுங்கோ.
நான் தோய்க்கமாட்டன்."

ஏழு மாசம். இடுப்பில ஒரு கை,
மற்றக் கையில சவர்க்காரம்.

கிணத்தடிக்குப் போக விடேல்லை.
"கல்லுக்குள்ளால இறங்கி
திரும்ப என்ர செம்புக்குத்தானே வரும்?"
அப்ப வாழையடியில?
"வாழைப்பழமும் நான்தான் தின்னுறன்."
கடைசியில ஒழுங்கை முடக்கில
ரெண்டு வாளித் தண்ணியோட,
ஊர் பார்க்கக் குளிச்சன்.

அவளின்ர தலைமாட்டில
கிளினிக்கில தந்த இரும்புக் குளிசை.
அதையும் மருந்தெண்டுதான் சொல்லுறம்.
தாங்கியில மிச்சம் கிடந்து மணக்கிறதையும்
மருந்தெண்டுதான் சொல்லுறம்.
உள்ளுக்க இருக்கிறவருக்கு
எது எந்த மருந்தெண்டு
ஆர் சொல்லுறது?

அடுத்தநாள் பின்னேரம் சோளகம் எழும்பிச்சுது.
பக்கத்துத் தோட்டத்தில
கிருபாமூர்த்தி அண்ணை அடிக்கத் தொடங்கிட்டார்.
யசோ யன்னலைச் சாத்தினாள்.
பிறகு மற்ற யன்னலையும்.
காத்துக்கு எங்க படலை?

சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடினன்.
"அண்ணை, காத்து எங்கட பக்கம்."

வாயில கட்டின துவாயை அவிழ்த்து
அவர் கேட்டார்:
"எத்தனை மாசம்?"