உடன்

இன்றிரவு என் பங்குக்கு சிக்மா எழுத்து.
எச்.எஸ்.ஆர். லேஅவுட், நான்காம் மாடி.
எங்கோ வெளிநாட்டில் தொகுக்கும் அகராதிக்கு
இங்கே புள்ளியும் சுழியும் சரிபார்க்கிறோம்.
கிரேக்கம் தெரியாது எனக்கு.
தெரியாத கண்தான் ஏமாறாது என்பார் நஞ்சுண்டப்பா.

ஒரு வினைச்சொல்லில் பிழை.
சுன் என்றால் கூட. கிக்நோஸ்கோ, அறிகிறேன்.
அடித்தவர் இரண்டையும் அப்படியே ஒட்டியிருந்தார்.
ஒட்டாது. பின்னால் க வந்தால்
ன் தன் குரலை விட்டு ங் ஆக வேண்டும்,
செம்மையும் கல்லும் செங்கல் ஆவதுபோல.
சுங்கிக்நோஸ்கோ. திருத்தினேன்.
வேர் க்நோ மட்டும்தான்; முன்னால் அந்தக் கி
சொல்ல வந்து ஒருமுறை திக்கியது.

பொருளைப் படிப்பது என் வேலையல்ல,
எழுத்து சாய்ந்திருக்கிறதா என்பதே வேலை.
படித்தேன்.
உடன்படுதல்.
ரகசியத்துக்கு உடந்தையாதல்.
ஆமென்று ஒப்புக்கொள்ளுதல்.
நான்காவது, மன்னித்தல்.

எண் மாறி விழுந்ததோ என்று மூலப்படியைத் திறந்தேன்.
மாறவில்லை.

எனக்குத் தெரிந்த உடன் ஒன்றுதான்:
உடன்பிறந்த அற்புதராஜ்.
என் கையெழுத்தைத் தானே போட்டு
மர்ஃபி டவுன் வீட்டைச் செங்கல் செங்கலாக விற்றவன்.
அவன் பக்கத்தில் போய் நில் என்கிறது இந்தச் சொல்.
கந்துவட்டிக்காரன் வாசலில்.
ஸ்கேன் சென்டரில், ஸ்டெல்லாவின் ரிப்போர்ட்டோடு.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
என் பெயரின் சுழியை அவன் பழகிய தாளருகில்.
சுழி நன்றாகவே வந்திருந்தது.
அதுதான் தாங்கவில்லை.

கீழ்வரியில் இறந்தகாலம்: சுனெக்நோன்.
கூடவுக்கும் அறிதலுக்கும் நடுவே
ஒரு குறில் எ வந்து உட்கார்ந்திருக்கிறது.
ஒட்டியது விட்டுப்போய்
ங் பழையபடி ன்.
எதிர்காலத்தில் திரும்ப ஒட்டுகிறது, திக்கலும் இல்லை.
ஆனால் ஓரத்தில் ஒரு குறிப்பு:
செய்வினையாக வராது, செயப்பாட்டுவினையும் அல்ல,
இரண்டுக்கும் நடுவில் ஒன்று.
நம் ‘கொள்’ மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.
நினைத்துக்கொண்டேன், பாருங்கள்.

மணி மூன்று பத்து.
பதினோரு மாதம் கழித்து அவனிடமிருந்து ஒரு வரி:
முழிச்சிருக்கியா
கேள்விக்குறி போடவில்லை.
கை தானாக அதைப் போடப் போனது.

பதில் எழுதும் இடத்தில்
கோடு நின்று நின்று மின்னுகிறது.
பக்கத்துக்கு நாலு நிமிடம் கணக்கு;
இந்தச் சொல்லிலேயே
ஒன்பது ஆகிவிட்டது.