முதுகு

கரண்ட் வந்ததும்
சகடையைத் திரும்பத் திறந்தேன்.
தொண்ணூற்றெட்டாம் ஆண்டு கேம்;
எண்ணூறு முக்கோணத்துக்கு மேல் தாங்காது.

வயிறு மூன்றே நாளில் முடிந்தது.
சக்கர மூடி, எண்ணெய்க் கறை,
உருட்டிவிடும் கதவின் விளிம்பு:
எதற்கும் படம் தேடவில்லை.
கோண்டாவிலில், பங்கர் வாசலில்
அண்ணாந்து கிடந்த கண்.

முதுகுக்குத்தான் நிறம் தெரியவில்லை.
சுகிர்தனைக் கேட்டேன்.
"மேலயிருந்து ஆர் மச்சான் பாத்தது?"

சாம்பல் பூசி ஏற்றினேன்.
ஓடுதளத்தில் அச்சுவரை புதைந்து நின்றது.
பூச்சியப் புள்ளியை இரண்டடி உயர்த்தினேன்,
எழும்பியது.

ஆயிரம் அடியில்
கமராவைக் காக்பிட்டுக்குள் வைத்தேன்.
கீழே பசிபிக்கில் ஏதோ ஒரு தீவு,
பச்சைச் சதுரங்கள், மங்கலாய்.

விமானத்தைச் சரித்து
எங்கட வளவைத் தேடினேன்.